குணபூசணியின் பதினேழாம் மீன்

பிரிக்பீல்ட்ஸ் குணபூசணிக்கு மீன் வாடை ஆகாது. ஐந்தடிச் சந்தில் யாராவது கருவாடு பொரித்தால் ஆறாவது மாடியில் சன்னலைச் சாத்திவிடுவார். பிறந்ததிலிருந்து சைவம், முட்டை கலந்த கேக் என்றால்கூட விசாரணை நடக்கும். ஆனால் உலு லங்காட் ஆற்றில் யாராவது பேர் தெரியாத மீனைப் பார்த்துவிட்டால், கிள்ளானிலிருந்து ஷா ஆலம் வரைக்கும் படம் அவருடைய போனுக்குத்தான் வரும். இதில் என்ன முரண் இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

“முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரி லேப்ல மலேரியா கிருமியப் பாத்தேன். அதத் தின்னுட்டா கண்டுபிடிச்சேன்?” என்பார்.

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே ஆற்றில் நின்றபடி துடுப்புப் போட, காற்றடைத்து விரிக்கிற பேடல் போர்டு ஒன்றை வாங்கினார். முதுகுவலிக்கு மனைவி வாங்கித் தந்த மெத்தை என்று கணவர் சிவேந்திரன் நம்பி, ஒரு மதியம் முழுக்க அதன்மேல் உறங்கியும் பார்த்தார். நல்ல உறக்கமாம். அடுத்த சனிக்கிழமை மெத்தை ஆற்றுக்குப் போய்விட்டது.

உட்கார்ந்து போகிற படகுக்காரனுக்குத் தண்ணீரின் பளபளப்புத்தான் தெரியும். போர்டில் நின்று போகிறவருக்கு, கண்கூச்சம் தடுக்கும் கண்ணாடியும் போட்டிருந்தால், அடிமணலே தெரியும். குணபூசணி துடுப்பை மெல்லத் தள்ளியபடி, நுண்ணோக்கியில் குனிந்த அதே கழுத்தோடு குனிந்து பார்ப்பார். பாம்பு போல் நீண்டு, தலை தடித்து வந்தால் தோமான். உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த வாலில் கறுப்புக் கரை என்றால் செபாராவ். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால், தொட்டியைச் சுத்தம் செய்வதால் நகராண்மைக் கழகத்தின் பெயரையே சம்பாதித்துக்கொண்ட பண்டாராயா மீன். நிச்சயமில்லாததற்குத் தூண்டில் போடுவார். முள்ளில்லாத கொக்கி, இரையாகச் செம்பனைப் பழம், மீனுக்கும் சைவம்தான். மாட்டிய மீனை வலையில் ஏந்தி, நீரைவிட்டுத் தூக்காமல் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, நீண்ட இடுக்கியால் கொக்கியைக் கழற்றிவிடுவார். கையால் மட்டும் தொடமாட்டார். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிச் செதில்களை எண்ணுவார். எண்ணாமல் எந்த மீனுக்கும் பெயர் கிடையாது.

துணைக்கு வருபவர் கிள்ளான் கிரிகரி, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மீன்களைப் பிரிக்கிற முறையே வேறு. “இது அசாம் பெடாஸ் புளிக்குழம்புக்கு ஆகும்க்கா. இது பொரிக்க. அது பூனைக்கு.”

“கிரிகரி, நான் பேரக் கேட்டேன்.”

“பேரு தெரிஞ்சு சமைக்கவா போறீங்க?”

கம்பம் என்று சொல்லும் ஆற்றோரக் கிராமத்து மக்களும் படகுக்காரர்களும் சேர்ந்து இந்த ஆண்டு கரையில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க முடிவு செய்தார்கள். பதினேழு மீன்கள், படங்களோடு. ஒவ்வொன்றின் கீழும் கண்டவர் பெயர். பதினேழில் பன்னிரண்டு குணபூசணியுடையவை. பதினேழாவதைப் பெரிதாக நடுவில் போட்டார்கள்: ஆற்று மீன்களுக்கெல்லாம் ராஜா என்று இங்கே சொல்லப்படும் கெலா. மார்ச் மாதம் தொங்குபாலத்துக்குக் கீழே, பொன் தகடு வேய்ந்தது போன்ற செதில்களோடு அவர் வலையில் ஒரு நிமிடம் கிடந்தது. பக்கவாட்டில் இருபத்து மூன்று செதில். புத்தகமும் அதையே சொன்னது. “பொம்பளைக்கு என்ன தூண்டில் வேண்டிக் கெடக்கு?” என்று பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்த பெட்டாலிங் ஜெயா நாத்தனார் ஜெயமாலாவே அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, ‘எங்கள் அண்ணி’ என்று எழுதினார். அந்த இரண்டு சொல்லை குணபூசணி எத்தனை முறை படித்தார் என்பதை மட்டும் அவர் எண்ணவில்லை.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. நட்டுவைத்த பலகையைத் தண்ணீரிலிருந்தே பார்த்துவிட வேண்டும் என்று குணபூசணியும் கிரிகரியும் ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து போர்டில் வந்தார்கள். அதே தொங்குபாலம். அதே இடத்தில் தூண்டில் வளைந்தது. அதே பொன் நிறம். கொக்கி உள்ளே போயிருந்தது, இடுக்கி எட்டவில்லை. கிரிகரி மீனைக் கையில் வாங்கி, வாயைத் திறந்து கழற்றினார். பிறகு மீனை விடாமல் அப்படியே நின்றார்.

“என்ன கிரிகரி?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போவுது?”

கிரிகரி மீனைத் திருப்பிக் காட்டினார். “கெலான்னா கீழ் உதட்டுல நாக்கு மாதிரி ஒரு சதை தொங்கும். பகாங்ல மச்சான் வீட்டுல எத்தன தடவ தின்னுருக்கேன். இதுக்கு அது இல்ல. இது தெங்காஸ்க்கா. கெலாவுக்குப் பங்காளி.”

குணபூசணி போனைத் திறந்து மார்ச் மாதப் படத்தைப் பெரிதாக்கினார். செதில்களையே எண்ணிய கண் போகாத ஒரு மூலையில், லேசாகத் திறந்த வாய். கீழ் உதடு மொழுமொழுவென்று இருந்தது.

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“சந்தேகம்தான். லேப்ல இருந்த மேடம் செதிலெல்லாம் எண்ணிச் சொல்றாங்க. ரயில் ஓட்டுனவன் நடுவுல என்னத்தப் பேசறது லா?”

குணபூசணி முழங்காலிட்டார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மீனைத் தொட்டார், அதுவும் உதட்டில். விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்தார். சதை இல்லை. இருபத்து மூன்று செதில் சரிதான். இரண்டுக்கும் அது பொது. மீன் வாங்கிக் கழுவி ஆய்கிறவர்கள் முதலில் பார்ப்பது வாயை. சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர் அதை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

மீனை ஆற்றில் விட்டுக் கரையேறியதும் பலகைக் குழுவின் செயலாளர் பிரவினைப் போனில் கூப்பிட்டு, பதினேழாவது கெலா இல்லை என்றார்.

“யாருக்கும் தெரியாது ஆன்டி. அப்படியே விடுங்க. கெலான்னாதான் கூட்டம் வரும்.”

“எனக்குத் தெரியுமே, தம்பி.”

“உங்க சொந்தக்காரங்க வேற ஒரு வேன் நெறைய வராங்கன்னு சொன்னீங்க.”

அது சுருக்கென்று பட்டது. ‘எங்கள் அண்ணி’ ஒரு கணம் கண்ணில் வந்து போனது. “வரட்டும்” என்றார்.

“சரி, அப்ப ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடலாம்.”

அதுவரை தணிவாகப் பேசியவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “மறைக்கறதா? லேப் ரிப்போர்ட்ல தப்பா எழுதிட்டா அழிக்கக்கூடாது, மேல வெள்ளை மை பூசக்கூடாது. அடியில என்ன இருந்துச்சின்னு படிக்க முடியணும். ஒரே கோடு. பக்கத்துல சரியானது, கையெழுத்து, தேதி. முப்பத்து நாலு வருஷம் நான் வெள்ளை மை தொட்டதில்ல. இப்ப தொடுவேன்னு நெனச்சியா?”

மறுநாள் காலை பெயிண்ட் பேனாவும் அடிமட்டமுமாக வந்தார். அடிமட்டத்தை கிரிகரி பிடித்துக்கொள்ள, ‘கெலா’ என்ற எழுத்தின் நடுவே ஒரே ஒரு கறுப்புக் கோடு இழுத்தார். பக்கத்தில் ‘தெங்காஸ்’. சுருக்கக் கையெழுத்து, தேதி. கண்டவர் குணபூசணி என்பதன் கீழ், திருத்தியவர் கிரிகரி என்றும் எழுதினார்.

“அக்கா, தின்னு கண்டுபிடிச்சான்னு மட்டும் போட்டுடாதீங்க” என்றார் கிரிகரி. காது வரை சிரிப்பு.

விழாவன்று கம்பத்துத் தலைவர் பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டு, எந்தப் பொறுக்கிப் பயல் கிறுக்கியது என்று மலாயில் கேட்டார். முதல் வரிசையில் காஞ்சிபுரம் பட்டு உடுத்தியிருந்த பொறுக்கி கை உயர்த்தினார். எழுந்துபோய், பிடிபடாத மீனையும் பிடிபட்ட தவறையும் மலாயிலேயே விளக்கினார். அதன் பிறகு மற்ற பதினாறு மீன்களை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாரும் கோட்டுக்கு முன்னால்தான் நின்றார்கள்.

ஜெயமாலாவின் முகம் சுருங்கியது. “அப்ப கெலா நீங்க பிடிக்கவே இல்லையா, அண்ணி?”

“இல்ல. இந்தப் பலகையில தெங்காஸ் எழுதினது நான்தான். இந்த ஆத்துல கெலாவ இன்னும் யாரும் பாக்கலன்னு காட்டினதும் நான்தான்.”

ஜெயமாலா கோட்டைக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, “சரி, நில்லுங்க” என்றார்.

குணபூசணி கிரிகரியையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, தோளை நிமிர்த்தி நின்றார். பிறகு நினைவு வந்தவராக ஓரடி விலகினார்.

“கோடு தெரியுதா பாரு.”