பதினான்காம் பாடத்தில் கேட்ட குரல்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். தபால் வழிப் படிப்பு. அதில் ஒரு தாள் உலக இலக்கியம், பண்டைக் காலத்திலிருந்து இன்றுவரை. ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியில் வகுப்பு. மற்ற நாட்களில் மேனாம்பேட்டு ஃப்ளாட்டின் சமையலறை வாசற்படிதான் என் கல்லூரி.

பாடத்தை உரக்கப் படித்து செல்போனில் பதிவு செய்துகொள்வேன். பரீட்சை நேரத்தில் வேலை செய்துகொண்டே கேட்கலாமே என்று. போன் பழசு, சார்ஜ் நிற்காது. ஒயர் எட்டும் ஒரே பிளக், ஹாலில் மாமனார் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. போன் அங்கே கிடக்கும். நான் வாசற்படியில் உட்கார்ந்து, காய் நறுக்கிக்கொண்டே கத்திப் படிப்பேன்.

மாமனார் ஆவடித் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டு, படுத்த படுக்கை. படிக்கும்போது குறுக்கே குறுக்கே எதையாவது கேட்பார்.

"இன்னாம்மா, அந்த ராஜா செத்தவங்க ஊருக்குப் போனானே, திரும்பி வந்தானா இல்லியா?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வாயில் வருவது ஒன்றுதான்: "சரி மாமா." அவர் என்ன கேட்டாலும் அதே பதில். அதைச் சொல்லக் காது தேவையில்லை.

பதினான்காவது, கடைசிப் பாடம். நம் காலத்துக் கதை. வராத மகனுக்காக ஒரு தாய் கதவைத் தாழிடாமலே வைத்திருக்கிறாள். அன்று மதியம் அதைப் படித்து முடித்துவிட்டுக் காபியோடு போனபோது மாமனார் போயிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நானும் அதையே நம்பினேன்.

பரீட்சை நெருங்கியது. முதல் பாடத்தை ஓடவிட்டேன். போன் அவர் தலைமாட்டில் இருந்ததால் என் குரல் தூரத்தில் கேட்டது. அவர் மூச்சுதான் காதோரம் இழுத்தது. இருமினார், "அப்புறம்?" என்றார், கதையில் செத்தவனுக்காக உச்சுக்கொட்டினார். ஒவ்வொரு பாடமாகக் காலம் நகர, மூச்சு குறுகிக்கொண்டே வந்தது. பதின்மூன்றோடு நிறுத்திவிட்டேன். அதற்கடுத்ததில் அவர் என்னைக் கூப்பிட்டிருந்தால்? நான் கேட்காமல் இருந்திருந்தால்? அந்தப் பயத்தில் ஒரு வாரம் போனைத் தொடவே இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, வாசற்படியில் உட்கார்ந்து பதினான்காவதை ஓடவிட்டேன். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைக்கப் பார்த்தால், அடுப்பே பற்றவைக்கவில்லை. விசில் பதிவில் இருந்த அன்றைய குக்கருடையது.

திரும்பி வந்து உட்காரும்போது அவர் குரல் வந்தது. தண்ணீர் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

"அந்தப் பக்கத்த இன்னொரு தபா படிம்மா. சரியா கேக்கல."

தூரத்தில் என் குரல்: "சரி மாமா."

உடனே தாள் புரளும் சத்தம். அடுத்த பக்கத்தை ஆரம்பித்துவிட்டேன்.

நாலைந்து வரி தாண்டி ஒரு மூச்சு இழுபட்டது. அடுத்தது வரவில்லை. நான் மட்டும் நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு, இருபது நிமிடம் படித்துக்கொண்டே போனேன். அந்த இருபது நிமிடத்தையும் கேட்டேன். பாதியில் நிறுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். கட்டிலை எப்போதோ கொடுத்தாயிற்று. தரையில் அதன் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து, அவர் கேட்ட அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். அவசரப்படாமல் படித்தேன். கடைசி வரியில் தாய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக் கதவைப் பார்த்து உட்காருகிறாள்.

படித்து முடித்து, தாளைப் புரட்டக் கை போனது. அப்போது என் வாய் தானாகச் சொன்னது: "சரி மாமா."

கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.