பேனா எடுத்துப் போகச் சொன்னவள் நான்தான்

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்டுவிட்டு என்னை ஒன்றுக்கும் உதவாதவள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

எங்கள் தெருப் பெண்களின் ஓட்டைச் செல்லாமல் ஆக்கியவள் நான். அந்தப் பழியை, எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணின் தலையில் போட்டவளும் நான்.

ஆமாம், நான்தான்! ஆறு வருஷமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆனால் அழுதுகொண்டே சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்...

புவனகிரிக்குப் பக்கம், வெள்ளாற்றங்கரையில் எங்கள் ஊர். 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்றார்கள். எங்கள் தெருவிலிருந்து அஞ்சலை நின்றாள். எதிர்த்து நின்றது பழைய தலைவரின் மனைவி. குடிதண்ணீர்க் குழாய் அப்போது ஊர்த்தெருவோடு முடிந்துவிடும். அங்கே எல்லாரும் பிடித்து முடித்தபின் சொட்டுகிற தண்ணீர்தான் எங்கள் குடத்துக்கு. அந்தக் குழாயை நம் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வருவேன் என்று அஞ்சலை சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.

அதுவரை எங்கள் பெண்கள் ஓட்டுப் போட்ட அழகைக் கேளுங்கள். புருஷன் காட்டிய சின்னத்தில் குத்துவார்கள். நடவு வேலை இருந்தால் அதுவும் கிடையாது. அந்தத் தடவை நான் வீடு வீடாகப் போனேன். மகளிர் குழுவின் தலைவி நான். என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத காலம் அது.

"உம் புருஷனுக்கு ஒரு ஓட்டு, உனக்கு ஒரு ஓட்டு. ரெண்டையும் அவனே போடணும்னா ரெண்டு குடத்தையும் அவனே தூக்கட்டும்!" என்றேன். சிரித்தார்கள். வருகிறோம் என்றார்கள்.

ஸ்டெல்லா டீச்சரைச் சொல்ல வேண்டும். புவனகிரியிலிருந்து சைக்கிளில் வந்து, சாயங்காலங்களில் எங்கள் குழுவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். செங்கேணி என்று என் பெயரை நான் எழுதியது அவளால்தான். பேங்கில் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினவரிடம், "பேனா குடுங்க சார்" என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவளுக்கு நான் செய்த பதில் மரியாதையைப் பாருங்கள்...

தேர்தலுக்கு முன்பு ஒருநாள், ஓட்டுச்சீட்டு மாதிரி ஒன்றை வரைந்து எடுத்துவந்தாள். கிராமத்தில் அப்போதும் சீட்டும் முத்திரையும்தான். குத்திக் காட்டுங்கள் என்று முதலில் என்னைக் கூப்பிட்டாள். குத்தினேன்.

"அம்மா, கோட்டு மேல விழுந்துடுச்சு. கட்டத்துக்குள்ள குத்தினாத்தான் எந்தச் சின்னத்துக்குன்னு அவுங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"அக்கா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி பங்கு வச்சிடுச்சு!" என்றாள் எதிர்வீட்டுப் பச்சையம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். இல்லை! அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. போகும்போது டீச்சர் பின்னால் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "கைநாட்டு மட்டும் வச்சிடாதீங்க. செல்லாமப் போயிடும்."

ஓட்டுப் போடுகிற நாள். பெண்கள் தலை குளித்து, பெட்டிச்சேலை உடுத்தி, தெருமுனையில் கூடிவிட்டார்கள். பச்சையம்மா கேட்டாள்: "ஏங்க்கா, குத்தினா மட்டும் போதுமா?"

"கைநாட்டு வேணாம்னா என்னடி அர்த்தம்? கையெழுத்துப் போடணும்னு அர்த்தம். பேங்க்ல எப்படி? குழுவுல எப்படி? முத்திரையக் குத்திட்டுப் பக்கத்துல பேர எழுதுங்க. எல்லாரும் பேனா எடுத்துக்குங்க."

"டீச்சர் அப்படிச் சொல்லலியேக்கா?"

இங்கேதான்... இந்த இடத்தில்தான் நான் கெட்டுப்போனேன். எனக்குத் தெரியாது, கேட்டு வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு எனக்கு வரவில்லை.

"எங்கிட்ட சொல்லிச்சு. நேத்து வழியில பார்த்தப்ப. மறந்துட்டேன், எல்லார்க்கும் நீங்க சொல்லிடுங்கம்மான்னு."

அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடி பேனா எடுத்துவந்தார்கள். ரவிக்கைக்குள் பேனாவைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். உள்ளே விரலில் மை வைத்தார்கள். அங்கிருந்த நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்! கையில் நாலு நிறத்தில் நாலு சீட்டு. நாலிலும் எழுத நேரமில்லை. அஞ்சலை நின்ற தலைவர் பதவிச் சீட்டில் மட்டும் பெயரை எழுதினோம். ஆசை ஆசையாக எழுதினோம்.

எண்ணி முடித்த அன்று அஞ்சலையின் புருஷன் ஏழுமலை தெரு நடுவில் வந்து நின்றான்.

"உங்கள எவ கையெழுத்துக் கேட்டா? ஒவ்வொரு சீட்டா எடுத்து, இதுல பேரு இருக்கு செல்லாது, இதுல பேரு இருக்கு செல்லாதுன்னு தூக்கித் தூக்கிப் போடறாங்க! பச்சையம்மா, உன் பேரு. அக்கா, உங்க பேருந்தான். எதிராளிங்க பார்த்துச் சிரிக்கிறானுங்க!"

அஞ்சலை தோற்றாள். செல்லாமல் போன எங்கள் சீட்டுகளில் பாதி சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்பாள்.

தன் பெயரை எழுதினால் செல்லாதாம்! காலம் முழுக்கக் கைநாட்டு என்று எங்களைக் கேலி செய்தார்கள். எழுதக் கற்றுக்கொண்டு எழுதினால் செல்லாது என்கிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்டேன். இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அதன் காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. பச்சையம்மா களையெடுக்கப் போவது பழைய தலைவரின் நிலத்துக்கு. "உன் கையெழுத்து அழகா இருக்காமே, இனிமே அஞ்சலை வூட்டுக்கே வேலைக்குப் போ" என்று வரப்பிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாருக்குப் போட்டோம் என்று எவனுக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் பெயர் கூடாது. படித்தவர்களுக்கு இது சாதாரணம். நாங்கள் பச்சையம்மாவின் கூலியைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் டீச்சர் சைக்கிளில் வந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"நானா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொன்னியேம்மா... வழியில பார்த்தப்ப" என்றேன்.

"அம்மா, பொய் சொல்றீங்க."

நான் வாய் திறப்பதற்குள் பச்சையம்மா பாய்ந்தாள். "யாரைப் பார்த்துப் பொய்யின்ற? எங்கக்கா பொய் சொல்லுமா? பணம் வாங்கிக்கினு எதிராளிக்கு வேலை செஞ்சது நீ!"

வேலையை இழந்தவள் எனக்காகச் சண்டை போட்டாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவள்தான். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒருமுறை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வியர்வை துடைப்பதுபோல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தலை நிமிர்ந்து நடக்கிறவள் என்று பெயர் வாங்கிய செங்கேணி!

இதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? 2009-இல் பார்லிமெண்ட் ஓட்டு வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் போகவில்லை. "நம்ம ஓட்டுதான் செல்லாதே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். 2011-இல் சட்டசபை ஓட்டு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி வீடு வீடாக ஏறினேன். "இது மிஷினுடி. சின்னத்துக்கு நேரா இருக்கிற பட்டன அழுத்து, பீப்புனு சத்தம் வர்ற வரைக்கும் கைய எடுக்காத. கையெழுத்துப் போட இடமே கிடையாது!" என்றேன். சிரித்தார்கள், வந்தார்கள். அதே வருஷம் உள்ளாட்சிக்கு மறுபடி சீட்டு வந்தது. கட்டத்துக்குள் ஒரே குத்து, மை ஒட்டாமல் மடி, பெட்டியில் போடு, பேனாவை வீட்டிலேயே வை என்று வாய் வலிக்கச் சொன்னேன். எங்கள் சீட்டில் ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை.

ஆனால் அவர்களை எப்படிக் கூட்டிப்போனேன் தெரியுமா? "அப்ப நடந்தது டீச்சர் பண்ண தப்பு, நம்ம தப்பில்ல" என்று சொல்லித்தான்! ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். அந்தப் பொய்யின் மேல் நின்றுதான் என் தெரு ஓட்டுப் போட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? லீவு விட்டார்கள் என்று வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிற நீங்கள் எனக்கு நியாயம் சொல்ல வேண்டாம். போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

பச்சையம்மா மட்டும் வரவில்லை.

"அந்த டீச்சர் வந்து, ஏன் அப்படிச் சொன்னேன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அப்புறம் வரேன். நீ போக்கா" என்றாள்.

வர வேண்டியவள் டீச்சர் இல்லை. எதிர்வீட்டில், அவள் கொடுக்கிற மீன்குழம்பைக் கூசாமல் வாங்கித் தின்றுகொண்டு நான் இருக்கிறேன். வாசலைத் தாண்டினால் அவள் வீடு. இத்தனை வருஷத்தில் அந்த வாசலை எத்தனையோ தடவை தாண்டினேன். இதைச் சொல்ல ஒரு தடவையும் தாண்டவில்லை.

எழுத்துக்கூட்டி எழுதினால் எனக்கு ஒரு வருஷம் ஆகும். அதனால் கடலூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் மகன் வயிற்றுப் பேத்தியிடம் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். நடுவில் இரண்டு இடத்தில் எழுதாமல் என்னையே பார்த்தாள். எழுது என்றேன்.

"ஆயா, எதிர்ல பச்சையம்மா ஆயா உக்காந்து மீன் ஆயுது. கதவ சாத்திட்டுப் படிக்கட்டா?" என்கிறாள்.

வேண்டாம். திறந்தே இருக்கட்டும். முதலிலிருந்து படிடி... சத்தமாகப் படி.