மருந்துக்கடையில் மருந்து படாத செடி

தொண்ணூறுகளில் பூச்சிமருந்துக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்க ஊர் ஊராக அலைந்தேன். கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குக் காதெல்லாம் முடி. அவர் சட்டைப்பையில் எப்போதும் தீப்பெட்டி ஆபீசில் வாங்கிய, முனையில் மருந்து வைக்காத வெறுங்குச்சிகள் இருக்கும்.

கடை வாசலில், மழைத்தண்ணீர் மட்டுமே ஊற்றி அவர் வளர்த்த குடுவைச்செடி தொங்கியது. குடுவைக்குள் விழும் ஈயும் எறும்பும்தான் அதற்குச் சாப்பாடு. அதன் கொழுந்தில் அன்று அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"பூச்சி திங்குத செடிக்கே பூச்சியா, அண்ணாச்சி?" என்று மருந்து வாங்க வந்த பருத்தி விவசாயி ஒருவர் சிரித்தார்.

நான் சாம்பிள் பாட்டிலை நீட்டினேன். "ஒரு தடவ அடிச்சாப் போதும்."

அண்ணாச்சி என் கையைத் தட்டிவிட்டார். "அடிச்சா ஈயும் சேந்து சாவும். பொறவு இது எதத் திங்கும்? உம்ம மருந்தையா?"

"ஊருக்கெல்லாம் விக்குதீங்களே?" என்றேன்.

"விக்குதேன். கேக்குதவனுக்குக் குடுக்குதேன். இதுமேல ஒரு சொட்டு விழ விடமாட்டேன். எந்தக் கம்பெனிக்காரன் வந்தாலும் சரி."

குச்சியைக் கீழே வைக்காமலே, அதே மருந்தில் இரண்டு பெட்டி எழுதச் சொன்னார். எழுதினேன். இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டு முருங்கைக்கு நான் அதை ஒரு நாளும் அடித்ததில்லை.