நின்ற இடத்தில் சாய்ந்த வண்டி

சாய்ந்து கிடக்கும் புல்லட்டின் டாங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டி, வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் பட்டதும் குப்பென்று ஒரு வாசம் எழும்பி மூக்கில் ஏறிக் கண்ணை லேசாகக் கரிக்கும். என் பத்து வயதை நினைத்தால் முதலில் வருவது அந்த வாசம்தான்.

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். அந்த வருஷத் தொடக்கத்தில் அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, மஞ்சள் காமாலை முற்றிப்போய் இறந்துவிட்டார். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. சித்தி எங்களோடேயே இருந்தாள். அவருடைய புல்லட்டும் வாசலிலேயே நின்றது. சித்தப்பா நல்ல உயரம். வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் முழுசாக ஊன்றிக்கொண்டு, அது ஏதோ மரப்பெஞ்சு என்பதைப் போலத் தெருவில் வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார். அப்பா குள்ளம். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர், அதுவரை பஸ்ஸில்தான் போய்வந்தார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அந்தப் புல்லட்டின் கிக்கரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவருக்கு ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான் வராது. ஓடும்போது ஒருநாளும் விழுந்ததில்லை. நிற்கும்போதுதான், கட்டைவிரல் நுனியை மட்டும் தரைக்கு எட்டவைத்து, உடம்பையெல்லாம் இடது பக்கம் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே இருப்பார். அந்தப் பக்கம் மண் கொஞ்சம் பள்ளமாக இருந்துவிட்டால் போதும், அவ்வளவு பெரிய வண்டி அவசரமே இல்லாமல், களைத்துப்போன மனுஷன் பாயில் படுப்பதைப் போல மெதுவாகச் சாய ஆரம்பிக்கும். பிடித்து நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அப்பாவுக்கும் கடைசிவரை தோன்றும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் எந்தக் கட்டத்தில் குதிக்க வேண்டும் என்று பழகிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு கேட்டின் முன்னால் சாய்ந்தது. பெட்ரோல் பங்கில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் சாய்ந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரோஜாச்செடி விற்கிறவரின் தொட்டிகள்மேல் சாய்ந்ததில், ஒடிந்துபோன செடிகளையெல்லாம் அப்பா பேரம் பேசாமல் வாங்கி என் மடியில் அடுக்கினார். வீடு வரும்வரை முள் குத்திக்கொண்டே வந்தது. டீக்கடை மாஸ்டர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "இன்னா சார், வண்டிய நீ ஓட்டிகினு போறியா, வண்டி உன்ன ஓட்டிகினு போவுதா? பேஜாரு புடிச்ச வண்டி சார், தள்ளிவுட்டுடு" என்பார். அப்பா சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு "தேங்க்ஸ்பா" என்பார். அம்மா ஒருநாள் அவருடைய முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "வித்துட்டா என்னங்க?" என்று கேட்டாள். மறுநாளும் அப்பா அந்தக் கிக்கரைத்தான் உதைத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இருந்திருக்க வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாருக்குமே மனசு மரத்துப்போயிருந்தது. யாரும் சத்தம்போட்டு அழவில்லை. சித்தப்பாவின் பேரை யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், தூங்கினோம். சித்தி முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு, கல்லே இல்லாத அரிசியில் கல் பொறுக்குவாள். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். அப்பா தினமும் எங்காவது விழுந்துவிட்டு வருவார்.

கோடை விடுமுறை முடியப்போகிற சமயத்தில், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் சித்திக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. தாம்பரம் போய் மின்சார ரயில் பிடித்திருக்கலாம். "நானே கொண்டுபோய் விடறேன்" என்றார் அப்பா. தம்பி மனைவியைத் தனியாகப் பின்னால் உட்காரவைத்துப் போனால் தெருவில் ஏதாவது சொல்வார்கள் என்று அம்மா என்னை நடுவில் ஏற்றிவிட்டாள். சித்தி வெளிர்நீலப் புடவை கட்டி, ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கப்போட்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து வந்தாள்.

தாம்பரம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அப்பா ஓரமாக நிறுத்தினார். அந்த ஓரத்தில் எதற்கோ தோண்டி அரைகுறையாக மூடியிருந்தார்கள். காலை வைத்த இடத்தில் ஜல்லி சரிந்தது. சித்தி எப்படியோ காலை ஊன்றி இறங்கிவிட்டாள். அவளைத் தாண்டிக் குதிக்க இடமில்லாமல் நான் விழுந்தேன். அப்பாவின் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹார்ன் அடித்தன. ஒரு கண்டக்டர் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "காலு எட்டாத வண்டிய எதுக்கு சார் எட்த்தாந்த? வழிய வுடு சார்!" என்று கத்தினார். பூ விற்கிற அம்மா ஒருத்தரும் ஆட்டோக்காரர் ஒருவரும் ஓடிவந்து வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. அடி பலமில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அவன் ஒரு தடவகூட இதச் சாச்சதில்ல."

சித்தப்பா போன பிறகு அவரைப் பற்றி அப்பா வாய்திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்தி புடவையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்தது. பிறகு, அப்பாவின் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி அவளும் உட்கார்ந்தாள். அப்பாவை அவள் "மாமா" என்றுதான் கூப்பிடுவாள்.

"சாச்சிருக்கார் மாமா."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"தல தீபாவளிக்குச் செங்கல்பட்டுல எங்க வீட்டு வாசல்ல. அம்மா ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க, தெருவே பார்த்துட்டு நிக்குது. ஸ்டைலா நிறுத்தறேன்னு நிறுத்தினார். பட்டுப்புடவையோட நானும், ஸ்வீட் டப்பாவோட அவரும் கீழ கெடந்தோம். தட்டை வெச்சிட்டு அம்மா சிரிக்கறாங்க."

"நெஜமாவா?"

"'அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத, மானம் போயிடும்'னார். நான் சொல்லவே இல்ல."

"எந்தப் பக்கம் சாஞ்சுது?" என்று கேட்டார் அப்பா. ஏதோ அவசரமான தகவல் கேட்பதைப் போலக் கேட்டார்.

"இதே பக்கந்தான் மாமா."

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரிக்கத் தயாரானேன். பிறகு செருப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். சித்தி அவரைப் பார்க்காமல், முந்தானையால் தன் கண்களைத் துடைத்துக்கொண்டு, என் முழங்காலில் ஒட்டியிருந்த ஜல்லித் தூளை ஊதிவிட்டாள். எனக்கு எரியக்கூட இல்லை. சிக்னல் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது.

சித்தி அந்த எண்ணெய்க் கறையோடுதான் இன்டர்வியூவுக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. அதன்பின் ரயிலில் போய்வந்தாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் அப்பா புல்லட்டைத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பாதம் முழுசாகத் தரையில் படுகிற ஒரு மொபெட் வாங்கினார். சித்தப்பாவின் கால் நீளத்துக்கு அந்தப் புல்லட் சாய்ந்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். சித்தியிடம் கேட்டதில்லை. ரிடையராகிப் பல்லாவரத்தில்தான் இருக்கிறாள். வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நாங்கள் வேறு விஷயங்கள் பேசுகிறோம்.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். காலி மனைகள் எல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. டீக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட மருந்துக்கடை. போன வாரம் பார்சல் கொண்டுவந்த பையன் தெருமுனையில் நின்று போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எனக்கே போன் போட்டு, "மேடம், லொகேஷன் சரியாக் காட்டல, லேண்ட்மார்க் எதுனா இருக்கா?" என்று கேட்டான். ஒருகாலத்தில் யார் கேட்டாலும் இந்தத் தெருவில் யோசிக்காமல் கை நீட்டி, "வண்டி சாயுமே, அந்த சார் வூடா?" என்று சொல்வார்கள். நான் மருந்துக்கடைக்கு எதிரில் என்று சொன்னேன்.