இரண்டு போர்களும் எங்கள் அப்புவும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களாகிய நீங்கள் முதலில் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு எங்களைப் பார்ப்பீர்கள். அச்சகத்தில் படம் மாறவில்லை. வெள்ளைக்காரர்தான், எங்கள் அப்புதான். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாத மொழியில் அவருடைய முப்பத்தோராம் நாள் மலரை நான் எழுதுகிறேன். எழுத அவருக்கு வேறு யாரும் இல்லை.

அப்பு கிழக்கு லண்டனில் ஒரு குதிரைவண்டிக்காரரின் மகனாகப் பிறந்தார். முதலாம் உலகப் போரில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்து, பிரான்சின் சேற்றில் கிடந்து, ஒரு காதின் கேட்கும் சக்தியை அங்கேயே தொலைத்துவிட்டு வந்தார். பிறகு தபால் வேலை, கலியாணம், ஒரு பெண் குழந்தை. இரண்டாம் போர் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தும் மறுபடி சேர்ந்தார். அவர் வட ஆபிரிக்காவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் லண்டன் வீட்டின்மேல் குண்டு விழுந்தது. மனைவியும் மகளும் போய்விட்டார்கள். போருக்குப் போனவர் திரும்பி வந்தார்; வீட்டில் இருந்தவர்கள் இல்லை.

எண்பதுகளின் நடுவில் அம்மாவும் நானும் தம்பியும் லண்டன் மோர்டனில் அவருடைய வீட்டு மேல்மாடிக்கு வாடகைக்குக் குடிவந்தோம்; பாட்டனைக் கூப்பிடுவதுபோல் அவரை 'அப்பு' என்றோம். எங்கள் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் இருக்கும்போதே ஷெல் விழுந்து இறந்தவர். அதை நான் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பு அறைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் திறந்தார். இரண்டு போர்களின் பதக்கங்களும் நாடாக்களோடு கிடந்தன.

"திரும்பி வந்ததற்கு எனக்கு இத்தனை தந்தார்கள். வீட்டில் செத்தவர்களுக்கு ஒன்றும் தரவில்லை," என்றார்.

போர்களில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் மாத அணிவகுப்புக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. அந்தப் பதக்கங்களை அணிந்து நாங்கள் பார்த்ததும் இல்லை.

அப்பு இனிமையானவர் என்று எழுதினால் அவரே எழுந்துவந்து சண்டை பிடிப்பார். ஹீட்டரைக் கூட்டினால் கத்துவார். கருவாடு பொரித்தால் பனிக்காலத்திலும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுவார். சொதி வைத்தால் மட்டும் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, சத்தம் போடாமல் மறுபடி நீட்டுவார்.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவர் பயந்தார். தன் சவப்பெட்டியைத் தூக்க, ஆளில்லாப் பிணங்களை எடுக்கும் கவுன்சில் ஆட்கள்தான் வருவார்கள், பின்னால் நடக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று கடைசி மாதங்களில் அடிக்கடி சொன்னார்.

"விசர்க்கதை கதைக்கவேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை," என்றார் அம்மா. "நாங்கள் என்ன கல்லே? ஆளில்லாமல் போக விடமாட்டன்."

சொன்னேன். நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். வாடகைக்கு இருப்பவர்கள் ஒருநாள் வீடு மாறிப் போய்விடுவார்கள் என்றார். எங்களை நம்பாமலேதான் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அது என் மனதில் இன்னும் ஆறவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். "வெள்ளைக்காரனுக்கு என்னத்துக்கு அக்கா வாய்க்கரிசி? சனம் சிரிக்கப்போகுது," என்று முணுமுணுத்துக்கொண்டே குட்மேய்ஸிலிருந்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த மாமாவுக்கு நன்றி. எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த சட்டனில் இருக்கும் உறவுகளுக்கும் நன்றி.

கடைசி நன்றி, பெயர் கேட்க மறந்துபோன ஒருவருக்கு. பெட்டியை மூடுமுன் அம்மா, வெறும் நெஞ்சோடு அனுப்பக்கூடாது என்று பதக்கங்களை அப்புவின் கோட்டில் குத்தினார். மதிப்பான பொருளுக்கு இடப்பக்கம் ஆகாது என்று வலப்பக்கமாகப் பார்த்துக் குத்தினார். அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த முதிய படைவீரர் ஒருவர் அதைப் பார்த்து முகம் மாறினார். தாம் பெற்ற பதக்கத்தை இடப்பக்கம்தான் அணிவார்களாம். வலப்பக்கம் அணிவது, இறந்தவரின் பதக்கத்தை அவருடைய உறவினர் அணியும்போது மட்டும்தானாம். எனக்கு வெட்கத்தில் நிலம் பார்க்கத்தான் முடிந்தது.

எப்படியும் எரிக்கும் பெட்டியில் உலோகம் வைக்கவிடமாட்டார்கள் என்று மெதுவாகச் சொல்லி, அவரே ஊசிகளைக் கழற்றினார். பதக்கங்களைக் கையில் ஏந்திக்கொண்டு கூடியிருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இவருடைய ஃபேமிலி யார்?" என்று கேட்டார்.

வெள்ளைக்காரர் முன்னால் வாயே திறக்காத அம்மா, நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்கவில்லை. "நான்தான்," என்று தமிழிலேயே சொல்லி முன்னால் வந்தார். அந்த முதியவர் அம்மாவின் கறுப்புக் கோட்டில், வலப்பக்கத்தில், பதக்கங்களைக் குத்தினார். பெட்டி புறப்பட்டபோது அதற்குப் பின்னால் முதல் ஆளாக அம்மா நடந்தார்.