ஞாயிறு பின்னேரத்து இன்டர்நெட் டெஸ்ட்

வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யுத்த காலம். வழியெல்லாம் ஆமியின் செக் பொயின்ட் முளைக்க, கொழும்பின் மறுகோடியில் இருந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளைப் பஸ் ஏற வீட்டில் விடவில்லை. எனக்கு அது கவலையாகவே படவில்லை, வாய்ப்பாகப் பட்டது. பாடங்களை ஈமெயிலில் அனுப்பினேன். விடையை அழுத்தினால் தானே திருத்தி, தானே கருத்தும் சொல்லும் டெஸ்ட் ஒன்றையும் செய்தேன். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று ஞாயிறு பின்னேரம் வைத்தேன்.

ஞாயிறு பின்னேரம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள் கோல் எடுக்கும் நேரம். இன்டர்நெட்டும் டெலிபோனும் அப்போது ஒரே வயர். ஒரு மாணவியின் அம்மா, கனடாவில் இருக்கும் தன் அண்ணரின் கோல் ஏன் இன்னும் வரவில்லை என்று ரிசீவரைத் தூக்கிப் பார்த்தாராம். லைன் அறுந்தது. பாதியில் நின்ற விடைகளை முழுசு என்று நம்பிய என் புரோகிராம், "கவனம் போதாது. மேலும் முயற்சி தேவை" என்று அனுப்பிவிட்டது.

அவளுடைய அப்பா, வங்கி உத்தியோகத்தர், போன் எடுத்தார். "தம்பி, அடுத்த டெஸ்டும் இப்பிடி எண்டால் கிளாஸை நிப்பாட்டுவன்."

அவள் ஈமெயில் போட்டாள்: "சேர், எங்க பிழை எண்டு சொன்னாத்தானே திருத்தலாம்?"

நியாயம். புரோகிராமைத் தூக்கி எறிந்தேன். அடுத்த டெஸ்ட் ஒரே ஒரு கணக்கு: சாய்தளத்தில் மேலே தள்ளப்படும் பெட்டி. இன்டர்நெட் லைனை வெட்டிவிட்டுத் தாளில் செய்யவேண்டும், ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி ஈமெயிலில் அனுப்பவேண்டும். அவள் உராய்வை மேல்நோக்கிப் போட்டிருந்தாள். மார்க்ஸ் போடாமல் எழுதினேன்: "மூன்றாம் வரி வரை சரி. பெட்டி மேலே போகிறது. உராய்வு அதற்கு உதவுமா, மறிக்குமா? அம்புக்குறி கீறிப் பார்த்துத் திரும்ப அனுப்பும்."

திரும்ப வந்தது அப்பாவின் கோல்.

"தம்பி, வீட்டில சண்டை. உராய்வு மேல்பக்கம் எண்டு நான்தான் சொல்லிக்குடுத்தனான். உம்மட கேள்வியை வாசிச்சிட்டு அம்பைத் திருப்பிப் போட்டிட்டாள். நான் பிழையாம்."

"அவ சொல்றது சரி, அங்கிள்."



"அப்ப கிளாஸ் நடக்கட்டும்." குரலைத் தணித்தார். "நானும் ஒரு தாளில செய்தனான். பார்த்துச் சொல்லுவீரோ? இவளுக்குத் தெரியவேண்டாம்."

அனுப்பினார். முதல் இரண்டு வரி மட்டும் அருமை. அதையே முதலில் எழுதினேன்.