பக்கத்து அட்டை

அவிநாசி சாலைப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கூடத்தில், ஞாயிறுதோறும் குறி அட்டைகளைப் பார்த்துப் புள்ளி எண்ணுவது என் வேலை. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்து.

அங்கே வரும் ஓர் அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, கையில் கூடத்தின் பழைய ஏர் ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு தன் அட்டையை விட்டுப் பக்கத்து அட்டையைத்தான் பார்ப்பார். பக்கத்தில் சுடுபவர் பம்புசெட் பட்டறையில் அம்மையாரின் பங்குதாரராக இருந்து, வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு தனியே போனவர். அவருடையது விலையுயர்ந்த வெளிநாட்டு ரைஃபிள்.

"அந்தத் துப்பாக்கிதானுங்க ஜெயிக்குது, அவரு இல்ல" என்பார் அம்மையார்.

ஒருநாள் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அம்மையாரோடு துப்பாக்கியை மாற்றிக்கொண்டார். பழையதிலும் அவரே ஜெயித்தார்.

அம்மையாரிடம் மெதுவாகச் சொன்னேன்: "அம்மணி, இனியாவது உங்க அட்டையப் பாத்துச் சுடுங்க."

"நான் பத்து வாங்கோணும்னு வரலீங்க. அந்தாளு ஒம்பது வாங்கறதப் பாக்கோணும்னு வாரனுங்க."

நியாயமான ஆசையாக எனக்குப் படவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு அந்த மனிதரின் அட்டையை மூன்று முறை எண்ணினேன், எங்காவது ஓர் ஒன்பது அகப்படாதா என்று.